ஒன்பதாம் தேதி கழுவாத தொட்டி

1978 நவம்பர் 15, புதன்கிழமை, காலை ஒன்பதே முக்கால். ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையின் பின்புறம், கழிவுத் தொட்டியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். பத்தடி ஆழத்தில் என் தம்பி இன்னாசி சரிந்து கிடந்தான். முதுகும் ஒரு கையும் மட்டும் சேற்றுக்கு மேலே தெரிந்தன. இரும்பு ஏணி என் காலருகே இருந்தது. நான் இறங்கவில்லை. கூடப் பிறந்தவன் நான். இறங்கவில்லை.

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை எட்டு வருடமாகப் பலரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வருகிறேன். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்துதான் தொடங்குவேன். கேட்கிறவர்களுக்கும் அது சுலபம், எனக்கும் சுலபம். எழுத்தில் வைக்கும்போது அப்படிச் செய்யாதீர்கள், தொட்டியிலிருந்து தொடங்குங்கள் என்று என் தம்பி மனைவி தெரசா சொன்னாள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. 1961 முதல் தோல் வேலை. விபத்து நடந்தபோது ஈரப் பகுதிக்கு மேற்பார்வையாளன். உப்புப் போட்ட பச்சைத் தோல்களை ஊறவைப்பது, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்குவது, சதை சீவுவது எல்லாம் எங்கள் பகுதி. அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே கழிவுத் தொட்டிக்குத்தான் போகும். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து, தண்ணீரை வடித்து, சேற்றை வாளியால் அள்ளிக் கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. சேறு பல நாள் தங்கினால் உள்ளே விஷக் காற்று கட்டிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. அப்புறம் ஆள் விழுவான். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்குத் தேதி எழுதும் பழக்கம் பதினேழு வயதிலிருந்து உண்டு. மழை பெய்த நாள், பாலாற்றில் தண்ணீர் வந்த நாள், தெருவில் பிறப்பு, இறப்பு, திருமணம், எந்த ஞாயிறு எந்தச் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று பதினாலு நோட்டுகள் நிரப்பியிருந்தேன். கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிப்பேன். தொழிற்சாலையில் எனக்கு ‘டைரிக்காரர்’ என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை. இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. மறந்துவிடுவேனோ என்ற பயத்தில், நடக்கப்போகிற வேலையைக் காலையிலேயே நடந்ததாக எழுதிவிடுவேன். மாலைக்குள் நடந்துவிடும் அல்லவா. பதினேழு வருடத்தில் ஒருநாளும் அது தவறியதில்லை.

இனி நான் எழுதிய வரலாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கோவில் பங்கில் பல வருடம் குருவாக இருந்த சாமியார் ஒருவர் வெளிநாட்டவர். அவரோடு குருமடத்தில் படித்த நண்பர் மத்தேயு சாமியார் அவருடைய நாட்டுக்குப் பக்கத்து நாட்டுக்காரர். அந்த நாட்டில் அரசாங்கம் கோவில்களைப் பூட்டி, குருக்களைப் பிடித்துச் சிறையில் போட்ட காலம் அது. மத்தேயு சாமியார் ஒரு தோல்காரரின் மகன். அங்கியைக் கழற்றிவிட்டுத் தன் மாமாவின் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். பகலில் தோல் வண்டி தள்ளுவார். வண்டி போகிற தெருக்களில் ரகசியமாக ஞானஸ்நானம் கொடுப்பார், நற்கருணை கொடுப்பார், சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுப்பார். நாற்றம் பிடித்த தோல் வண்டியைக் கிளறிப் பார்க்க எந்தப் போலீஸ்காரனும் விரும்புவதில்லை. அப்படி மூன்று வருடத்துக்கு மேல் ஓடியது. கடைசியில் பிடிபட்டார். ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள். உடலைக் கொடுக்கவில்லை. எந்த நாள் என்றுகூட யாருக்கும் சொல்லவில்லை.

மத்தேயு சாமியாரின் உறவினர்கள் இன்னும் அங்கே இருப்பதால் நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று எங்கள் சாமியார் கேட்டுக்கொண்டார். அதனால் இங்கேயும் எழுதவில்லை. தன் நாட்டுக்குத் திரும்பும்போது தன்னிடம் இருந்த ஒன்பது தட்டச்சுத் தாள்களை என்னிடம் கொடுத்தார். “சவரி, இதை தமிழ்ல எழுது. எல்லாத்தையும் எழுது” என்றார். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் தோல் வேலை. தோல் வண்டி தள்ளிய குருவானவர் என்றதும் எல்லோருக்கும் அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் அவர் வழியாகச் செபிக்கத் தொடங்கினோம்.

எல்லாத்தையும் எழுது என்றார் சாமியார். நான் எட்டுத் தாள்களை எழுதினேன். ஏழாம் தாளை எழுதவில்லை.

ஏழாம் தாளில் இருந்தது இதுதான். பிடிபடுவதற்குச் சில வாரம் முன்பு, ஒரு பெண் பட்டறைக்கு ஓடி வந்து, தன் அப்பா சாகப்போகிறார், வாருங்கள் என்று அழைத்தாள். அன்று தெரு முழுவதும் போலீஸ். மத்தேயு சாமியார் உப்புத் தோல் குவியலுக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டார். அவள் மூன்று முறை கூப்பிட்டாள். அவர் பதில் கொடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டே திரும்பிப் போன சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அந்த மனிதர் அவஸ்தைப்பூசுதல் இல்லாமலே செத்துப்போனார். இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரே நண்பருக்குக் கடிதமாக எழுதி அனுப்பியிருந்தார்.

விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சியின் வரலாற்றில் இதை வைத்தால் தெருவில் யார் அவரிடம் வேண்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். தாளை நான்காக மடித்து என் பழைய நோட்டுக்குள் வைத்தேன். அதற்குப் பதிலாக நானே ஒரு வரி எழுதிச் சேர்த்தேன்: ‘அவர் ஒருநாளும் அஞ்சியதில்லை.’ சாமியார் சொல்லாத வாக்கியம். எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது.

1978 நவம்பர் 9, வியாழக்கிழமை. பக்ரீத் விடுமுறைக்கு முந்திய கடைசி வேலைநாள். அன்று தொட்டி கழுவ வேண்டும். தீபாவளியும் மழையும் சேர்ந்து அதற்கு முன் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. காலை வந்ததும் வழக்கம்போல் புத்தகத்தில் ‘9.11.78 தொட்டி கழுவப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கழுவுகிற ஆட்களிடம் சொல்லிவிட்டு, பதினோரு மணிக்கு அனுமதி வாங்கி வேலூருக்கு பஸ் ஏறினேன். என்ன அவசரம்? மத்தேயு சாமியாரின் வரலாற்றை சைக்ளோஸ்டைலில் நகல் எடுக்கக் கொடுத்திருந்தேன். அன்று வாங்க வேண்டும். நான் போனதும் மழை பிடித்தது. பெருநாள் அவசரத்தில் எல்லோரும் மதியமே கிளம்பிவிட்டார்கள். தொட்டியை யாரும் தொடவில்லை. எனக்கு அது தெரியாது. அறுபது பிரதிகளை மார்போடு அணைத்துக்கொண்டு சந்தோஷமாக ஊர் திரும்பினேன்.

பதினைந்தாம் தேதி வேலை தொடங்கியபோது முற்றம் முழுவதும் பக்ரீத் தோல் மலைபோலக் குவிந்திருந்தது. பத்துப் பேர் சேர்ந்தாற்போல் ஊறல் தொட்டிகளைத் திறந்துவிட்டார்கள். கழிவு வாய் அடைத்துத் தண்ணீர் முற்றத்துக்கே திரும்பி வந்தது. அடைப்பு எடுக்க, எங்கள் பகுதியிலேயே வேலை செய்த இன்னாசி தயாரானான். அவனுக்கு இருபத்தெட்டு வயது, கைக்குழந்தை ஒன்று. இறங்குவதற்கு முன் என் மேஜைக்கு வந்தான்.

“ணா, தொட்டி கழுவியாச்சா?”

நான் புத்தகத்தைத் திறந்தேன். விரலை வைத்துப் பார்த்தேன். “ஒன்பதாம் தேதி கழுவியாச்சு. எறங்கு.”

“உங்க புஸ்தகத்துல இருந்தா வேதத்துல இருந்த மாதிரிதான்” என்று சிரித்துக்கொண்டே போனான்.

நான் பின்னாலேயே போனேன். அவன் ஏணியில் பாதி இறங்கிவிட்டான். அப்போதுதான் சுவரில் சேற்றுக் கோட்டைப் பார்த்தேன். ஆறு நாள் சேறு முழங்கால்கூட வராது. அந்தக் கோடு இடுப்புக்கு மேல் இருந்தது. எனக்குப் புரிவதற்கும் அவன் கை ஏணியை விடுவதற்கும் இடையில் நேரமே இல்லை. சத்தம் போடாமல் விழுந்தான்.

இறங்கினால் நானும் சாவேன் என்று தெரியும். அது புத்தி என்று இப்போது சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அது புத்தி இல்லை, பயம்.  ஒரு செபம்கூட வாயில் வரவில்லை.

அப்போது சுண்ணாம்புப் பகுதி மேஸ்திரி கரீம் பாய் ஓடி வந்தார். கையில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோல் இழுக்கிற நீளக் கொக்கிக் கழி. “எவனும் எறங்காதே, எறங்கினவன் ஏற மாட்டான்” என்று கத்திக்கொண்டே விளிம்பில் குப்புறப் படுத்தார். “சவரி, கால புடி.”

நான் செய்தது அது ஒன்றுதான். பாயின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் தடவை கொக்கி இன்னாசியின் இடுப்பு பெல்டில் மாட்டியது. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மேலே வந்தபோது அவன் முகம் சாம்பல் நிறம். மூக்கிலும் வாயிலும் சேறு. எங்கேயோ ஒரு மூச்சு இருந்தது.

முதலாளியின் அம்பாசடரில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் பறந்தோம். பின் இருக்கையில் அவன் தலை என் மடியில், கால்கள் பாயின் மடியில். பாய் உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தார். எனக்கு அருள் நிறைந்த மரியேகூடப் பாதியில் மறந்தது. விரிஞ்சிபுரம் தாண்டும்போது பாய் ஓதுவதை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

“சவரி, நான் எட்டாம் தேதியே லீவுல போய்ட்டேன். இது இன்னா, ஆறு நாள் சேறா?”

நான் இன்னாசியின் முகத்தில் இருந்த சேற்றைத் துடைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எவ்வளவு ஆழம்? விழும்போது தலை இடித்ததா? தொட்டி கடைசியாக எப்போது சுத்தம் செய்தது? பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்ல வேண்டிவரும் என்று, தலை இடித்ததா தெரியாது என்றேன். மூன்றாவது கேள்வி வந்தபோது தெரசா பக்கத்தில் வந்து நின்றாள். யாரோ வீட்டுக்குச் செய்தி சொல்லி, பஸ் பிடித்து அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன்பதாம் தேதி, டாக்டர். புத்தகத்தில் இருக்கிறது.”

டாக்டர் எழுதிக்கொண்டார். என் வாய்ச்சொல் ஒருவருடைய எழுத்தில் ஏறுவதைப் பார்த்தேன். அப்போதும் நான் திருத்தவில்லை. வேலை போகும், கேஸ் வரும் என்ற பயம் இருந்தது. அதைவிட, இடுப்பில் குழந்தையோடு நிற்கிற அவள் முன் அதைச் சொல்ல முடியாது என்ற பயம்.

பதினாறாம் தேதி தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் பஸ்ஸில் வந்தார்கள். ஆஸ்பத்திரி மரத்தடியில் மத்தேயு சாமியார் வழியாக ஒன்பது நாள் செபமான நவநாளைத் தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் என் பிரதியிலிருந்து ஒரு பகுதி வாசித்து, பிறகு செபமாலை. இன்னாசி கண் திறக்கவில்லை. பதினேழாம் தேதி மாலை அவனுக்கு வலிப்பு வந்தது. கைகள் முறுக்கிக்கொண்டு நின்றதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் உயிரை எடுத்துக்கொள் என்று மன்றாடினேன். அது செபமே இல்லை என்று இன்று தெரிகிறது. ஆண்டவர் என்னிடம் கேட்டது என் உயிரை அல்ல. ஒரு வாக்கியத்தை.

பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. நவநாளின் மூன்றாம் நாள். அன்றைய வாசகத்தை எதிர்வீட்டு லூர்துமேரி எழுத்துக்கூட்டி வாசித்தாள். “அவர் ஒருநாளும் அஞ்சியதில்லை.”

தெரசா நிமிர்ந்து பார்த்தாள். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

“ஒருநாளும் பயப்படாதவருக்கு என் பயம் எப்படி மாமா தெரியும்? இவர்கிட்ட போய் நான் இன்னான்னு கேக்கறது?”

“அப்படிச் சொல்லாதம்மா, தெரசா. அவரு வேதசாட்சி” என்று யாரோ அதட்டினார்கள். நான் லூர்துமேரியை மேலே வாசிக்கச் சொன்னேன்.

பத்து மணிக்கு டாக்டர் கூப்பிட்டனுப்பினார். “ஆறு நாள் தேங்கிய தண்ணியில இவ்வளவு பாதிப்பு வர்றதுக்கு வழியில்லை. விழும்போது தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியிருக்கணும். வலிப்பும் அதைத்தான் காட்டுது. மண்டையில துளை போட்டுப் பார்க்கணும். மதியம் ரெண்டு மணிக்கு” என்றார். இப்போதிருக்கும் நிலையில் அவன் அதைத் தாங்குவானா என்று கேட்டேன். “தாங்கலாம், தாங்காமலும் போகலாம். வேற காரணம் தெரியாத வரைக்கும் காத்திருக்க முடியாது” என்றார்.

சம்மதத் தாளைத் தெரசா என்னிடம் நீட்டினாள். “நீங்க படிச்சு சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா கையெழுத்து போடறேன்.”

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தெளிவாகப் படித்துக் காட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். தலையைச் சுற்றிக் கட்ட மெல்லிய துணி வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னதும், நான் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். உண்மையில் ஓடினேன். அதற்கு வேறு வார்த்தை இல்லை.

லாங் பஜாரில் சனிக்கிழமைக் கூட்டம். துணிக்கடை வாசலில் நிற்கும்போது, “ஓரம், ஓரம்” என்று குரல் கேட்டது. பச்சைத் தோல் ஏற்றிய கைவண்டி ஒன்று எதிரே வந்த சைக்கிள்களில் மாட்டி என் முன்னாலேயே நின்றுவிட்டது. பக்ரீத் ஆட்டுத்தோல், உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்த நாற்றத்தில்தான் என் வாழ்க்கை முழுவதும் ஓடியிருக்கிறது. அன்று வேறு ஒன்று தெரிந்தது. அந்தக் குவியலுக்கு அடியில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டு. வெளியே ஒரு பெண் மூன்று முறை கூப்பிடுகிறாள்.

காட்சி எதுவும் நான் காணவில்லை. சகோதரர்களே, அப்படி நினைத்துவிடாதீர்கள். நான் மடித்து வைத்த தாள் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளில் இருந்தவரை அன்றுதான் முதல்முதலாக எனக்குத் தெரிந்தது. நான் எழுதிய வரலாற்றில் இருந்தவரிடம் மூன்று நாளாக மன்றாடினேன், அவர் எனக்கு அந்நியர். தோலுக்கு அடியில் கிடந்தவர் என் ஆள். நடுக்கடைத் தெருவில் நின்று சொன்னேன்: “சாமி, நீங்க பயந்தீங்க. நானும் பயந்துட்டேன். ரெண்டாம் தடவை எப்படி எழுந்து போனீங்க? எனக்கும் அந்த பலத்த வாங்கிக் கொடுங்க. தம்பி பொழைக்கணும். பொழைக்காட்டியும் எனக்கு அந்த பலம் வேணும்.”

ஏனென்றால் எட்டாம் தாளில் அது இருந்தது. அந்த மனிதர் செத்த பிறகு சில வாரம் கழித்து மறுபடி ஓர் அழைப்பு வந்தது. இந்தத் தடவை அது பொறியாக இருக்கலாம் என்று மாமா தடுத்தார். போகாவிட்டால் அந்தப் பெண்ணின் அழுகை காதை விட்டுப் போகாது என்று சொல்லிவிட்டு மத்தேயு சாமியார் போனார். பொறிதான். அந்தத் தாளை நான் பெருமையோடு எழுதியிருந்தேன். ஏழாம் தாள் இல்லாமல் எட்டாம் தாள் ஒருவருக்கும் புரியாது என்பது எனக்குப் புரியவே இல்லை.

“இன்னா சார், மயக்கமா? சோடா வேணுமா?” என்று கடைக்காரர் கேட்டார். துணியை வாங்கிக்கொண்டு ஓடினேன். இந்தத் தடவை திரும்பி ஓடினேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு டாக்டர் அறை வாசலில் நின்றேன். தெரசாவையும் கூப்பிட்டேன். அவள் இல்லாதபோது சொன்னால் அது பாதி வேலை என்று தோன்றியது.

“டாக்டர், நான் சொன்ன தேதி பொய். தொட்டி கடைசியா கழுவினது அக்டோபர் இருபத்தொண்ணு. இருபத்தஞ்சு நாள் சேறு. இடுப்புக்கு மேல இருந்தது. அவன் தலை எங்கயும் இடிக்கல. ஏணியில பாதியிலயே காத்து அடிச்சு விழுந்தான். சேத்துலதான் விழுந்தான். நான் பாத்துட்டு நின்னேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உள்ளே என்னென்ன கலந்த தண்ணீர், எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தான் என்று வரிசையாகக் கேட்டார். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். “இதை மூணு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்” என்றார். திட்டவில்லை. ஓட்டமாக வார்டுக்குப் போனார். அறுவைச் சிகிச்சை அன்று நடக்கவில்லை. நுரையீரலில் இறங்கிய சேற்றுக்கும் விஷக் காற்றுக்கும் வைத்தியம் தொடங்கினார்கள்.

தெரசா அங்கேயே நின்றாள்.

“அவரு உங்ககிட்ட கேட்டுட்டுதானே எறங்கினாரு?”

“ஆமாம்மா.”

“நீங்க கழுவியாச்சுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

கையிலிருந்த என் பிரதியைப் பெஞ்சில் என் பக்கம் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எட்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் கொடுத்தாலும் வாங்கவில்லை.

உண்மையைச் சொன்னதும் உடனே அற்புதம் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. பத்தொன்பதாம் தேதி காய்ச்சல் ஏறியது. இருபத்தொன்றாம் தேதி அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார்கள். நவநாளுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். செய்தி தெருவுக்குப் போயிருந்தது. தம்பியைத் தள்ளிவிட்டவன் செபம் பண்ணுகிறான் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். இருபத்திரண்டாம் தேதி முதலாளி ஆள் அனுப்பி, மறுபடி கூப்பிடும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். இருபத்துநான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, நவநாளின் கடைசி நாளில் மரத்தடியில் நானும் கரீம் பாயும் மட்டும் இருந்தோம். நான் செபமாலை சொன்னேன். பாய் குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாளும் முடிந்தது. எதுவும் நடக்கவில்லை. என் நோட்டில் அன்று எழுதியிருப்பது இது: ‘24.11.78. நவநாள் முடிந்தது. இன்னாசி அப்படியே இருக்கிறான்.’ அதற்குக் கீழே எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

“பாய், நான் அன்னைக்கு கொக்கின்னு கத்தினேனா? அதனாலதான் நீங்க எடுத்துட்டு வந்தீங்களா?” என்று கேட்டேன். ஏதாவது ஒரு நல்லதை நான் செய்திருக்க வேண்டும் என்று மனம் தவித்தது.

“நீ ஒண்ணும் கத்தல. வாய தெறந்துகிட்டு நின்னுகினு இருந்தே” என்றார் பாய். பிறகு, “ஆனா கால கெட்டியா புடிச்சே. உட்டிருந்தா நானும் போய்ட்டிருப்பேன்” என்றார். பத்து நாளில் யாரும் எனக்குச் சொன்ன ஒரே ஆறுதல் அது. இனி செபத்துக்கு வார்த்தை கிடைக்கவில்லை. “காலைப் பிடித்துக்கொள்கிறேன், ஆண்டவரே” என்று மட்டும் அடுத்த இரண்டு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 26, ஞாயிறு. கிறிஸ்து அரசர் திருநாள். காலைப் பூசை முடித்து நேராக வார்டுக்குப் போனேன். தெரசா கட்டிலருகே இருந்தாள். நர்ஸம்மா அவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பத்தேகாலுக்கு அவன் இமை அசைந்தது. கண் திறந்தது. எங்கேயோ பார்த்தது, பிறகு என்மேல் வந்து நின்றது. உதடு அசைந்தது. குனிந்தேன். காற்றாகத்தான் வந்தது குரல்.

“ணா, தொட்டி கழுவியாச்சா?”

ஏணியில் கையை வைத்த அந்த இடத்திலேயே அவன் நின்றுகொண்டிருந்தான். பதினோரு நாளும் அவனுக்கு இல்லை. நான் தெரசாவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லப்பா. கழுவல” என்றேன். “நீ எறங்காதே.”

“சரி” என்று கண்ணை மூடினான். இந்தத் தடவை அது தூக்கம்.

தெரசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி, என் பக்கம் பாராமலே, என் கையில் கொடுத்தாள்.

இன்னாசி 1979 பொங்கலுக்கு வீடு திரும்பினான். வலது கையில் இன்றும் நடுக்கம் உண்டு. மூக்கில் நாற்றம் வாசனை எதுவும் தெரியாது. தோல் வேலைக்கு அது ஜாஸ்தி வசதி என்று அவனே கேலி செய்வான். மேற்பார்வையாளர் வேலை எனக்குப் போயிற்று. ஆறு மாதம் கழித்து, கரீம் பாய் முதலாளியிடம் பேசி, தோல் தரம் பிரிக்கும் பகுதியில் சேர்த்துவிட்டார். அது எனக்குச் சரியான இடம்தான்.

அறுபது பிரதிகளில் நாற்பத்தொன்றைத் திரும்ப வாங்கினேன். அந்த வரியை அடித்து, ஏழாம் தாளை என் கையாலேயே எழுதி ஒவ்வொன்றிலும் சேர்த்துத் தைத்தேன். 1980 தவக்காலத்தில் ஒரு முதல் வெள்ளிக்கிழமை அதைத் தெருவில் வாசித்தோம்.  வாசித்து முடித்ததும் தெரசா, “இவர்கிட்ட கேக்கலாம் மாமா” என்றாள். அந்த விபத்துக்குப் பிறகு ஒரு செபக் கூட்டத்தில் அவள் வாய் திறந்தது அன்றுதான். அன்று கூட்டம் முடிந்தும் வெகுநேரம் கலையவில்லை. மனைவியை அடித்ததைச் சொன்னவர் உண்டு, அம்மாவைப் பட்டினி போட்டதைச் சொன்னவள் உண்டு.

மத்தேயு சாமியார் கொல்லப்பட்ட தேதி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பிரதியில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். பழைய சவரிமுத்துவாக இருந்தால் ஏதாவது ஒரு நாளைப் போட்டிருப்பான்.

இதை வாசிக்கிறவர்களில் எவராவது இப்போது தோலுக்கு அடியில் படுத்திருக்கலாம். வெளியே யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். முதல் தடவை நீங்கள் போகாமல் இருந்திருக்கலாம். நானும் போகவில்லை. அதற்காகச் செபிப்பதை விட்டுவிடாதீர்கள். தைரியம் வந்த பிறகு ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்குகிற கையோடு போங்கள், மடித்து வைத்த தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவருடைய காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே இழுக்கிற வேலையை அவர் பார்த்துக்கொள்வார்.